ஏழு முப்பத்தைந்து கப்பல்

ஆகஸ்ட் 24, சனி. சான்டோரினி

ஊரே படம் எடுத்துப் போடும் தீவுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. நான் இதுவரை பார்த்தது படிக்கட்டுகள். வெள்ளைப் படிக்கட்டு, நீலக் கதவு, மறுபடி படிக்கட்டு. ஒரு கையில் தாமிரா, மறு கையில் அவளுடைய தள்ளுவண்டி. அந்த வண்டியைத் தள்ளியதைவிடத் தூக்கியதுதான் அதிகம்.

இவர் பயண அட்டவணையை அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். ம்யூனிக்கில் ரயில் பிரேக் வடிவமைக்கிற மனிதர், விடுமுறைக்கு வந்தாலும் பிரேக்கை விடமாட்டார். '14.20 துறைமுகம். 14.35 கழிப்பறை.' இரண்டரை வயதுப் பிள்ளை அட்டவணை பார்த்தா போகும்?

ஆனால் இந்தப் பயணமே தீவுக்காக இல்லை. இசக்கிக்காக. என் தம்பி எஞ்சினியராக இருக்கும் சரக்குக் கப்பல் திங்கள் சாயங்காலம் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்துக்கு வருகிறது. புதன் நான்கு மணிக்குக் கிளம்பிவிடும். நடுவில் செவ்வாய் ஒரு முழு நாள் அவனுக்கு விடுப்பு. அவனைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. தாமிராவை அவன் போன் திரையில் பார்த்ததோடு சரி. அப்பா இறந்தபோது பசிபிக் நடுவில் இருந்தான். அதற்கப்புறம் ஒப்பந்தம் முடிந்து இறங்கும்போதெல்லாம் மும்பையிலேயே தங்கி 'கோர்ஸ்' படித்துவிட்டு அடுத்த கப்பல் ஏறிவிடுகிறான். இத்தனை கோர்ஸ் படித்தவன் இந்நேரம் ஒரு கப்பலே கட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஒற்றைப்படை வயதுதான் ஆகும்; மூன்றாம் வயது மார்ச்சோடு முடிகிறது, விட்டால் அடுத்து ஐந்தில்தான். மாமன் ஊருக்கு வருகிற வழியாக இல்லை. இந்த நாட்டில் மருந்துக்கடையிலேயே காது குத்துவார்கள் என்று இவர் தேடிக் கண்டுபிடித்து அதையும் அட்டவணையில் ஏற்றிவிட்டார். 'செவ்வாய் 11.00 காது.' இசக்கி பேரில் அம்மா வாங்கி அனுப்பிய தங்கக் கம்மல் என் கைப்பையில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு நான்கு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

மத்தியானம் அம்மா தூத்துக்குடியிலிருந்து பேசினாள்.

"திங்கக்கெழம எத்தன மணிக்குட்டி கப்பலு?"

"ஏழு முப்பத்தஞ்சு."

பின்னால் குக்கர் இரண்டு விசில் விட்டது.

"ஏழரைல இருந்து ஒம்பது..."

"ஆரம்பிக்காதம்மா. ராகுகாலமெல்லாம் நான் பாக்குறதில்லன்னு ஒனக்குத் தெரியும்லா."

"நான் ஒண்ணும் சொல்லலையே. மணிதான கேட்டேன்."

"எம்மெஸ்ஸி பிசிக்ஸ் படிச்சிருக்கேன்மா நான்."

"ஒங்கப்பாவுந்தான் கணக்கு வாத்தியாரு."

போனை வைத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 25, ஞாயிறு. நாக்சோஸ்

கப்பல் என்று சொல்கிறார்கள். கரைக்கு முதுகைக் காட்டி நின்று, பின்கதவைச் சாய்க்கிறது. லாரி, மோட்டார் சைக்கிள், நாய், பாட்டரி நாற்காலியில் ஒரு தாத்தா, தள்ளுவண்டியோடு நான், எல்லாரும் அந்த ஒரே வாசலில். ஐந்து நிமிஷம்தான் நிற்கும். ஒலிபெருக்கியில் ஒருவன் திட்டிக்கொண்டே இருக்கிறான். தாமிராவின் இடது செருப்பு விழுந்துவிட்டது. குனிந்தால் பின்னால் வருகிற லாரி ஹாரன். செருப்பு சான்டோரினியிலேயே இருக்கட்டும்.

இங்கே அறை கொடுத்திருக்கும் அம்மாள் பேர் ஸ்தமாத்தியா. தங்கமானவர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே பதில், "அவ்ரியோ." வெந்நீர் வரவில்லை என்றேன். அவ்ரியோ. பால் எங்கே கிடைக்கும்? அவ்ரியோ. 'நாளைக்கு' என்று அர்த்தமாம். பொழுது சாய்வதற்குள் தாமிரா அதைப் பிடித்துக்கொண்டாள். சாதத்தைக் கொண்டு போனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கால் "அவ்ரியோ."

நாளைக் கப்பலை ஒன்பதரைக்கு மாற்றிவிட்டேன். ஏழு முப்பத்தைந்து என்றால் பிள்ளையை ஐந்தரைக்கு எழுப்ப வேண்டும். தூக்கம் கெட்டால் நாள் முழுக்க அழுவாள். காரணம் அவ்வளவுதான்.

இவரிடம் சொன்னேன். அந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏழு முப்பத்தஞ்சே இருக்கட்டுமே சக்தி. காத்து வேற ஏறுதுங்கறாங்க."

"ரெண்டு மணி நேரத்துல என்ன ஆயிரப் போகுது? பிள்ளை தூங்கணும்ல."

"புள்ள தூங்கணும்... சரி." மேலே ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. உறையைப் பைக்குள் வைத்துவிட்டார்.


ஆகஸ்ட் 26, திங்கள். நாக்சோஸ்

இன்றும் நாக்சோஸ்.

தாமிரா காலை ஐந்து பத்துக்குத் தானாக எழுந்துவிட்டாள். எழுந்து, கட்டிலில் நின்று, குதித்து, என் முகத்தின் மேல் உட்கார்ந்தாள். ஏழு முப்பத்தைந்துக்கு மூன்று பேரும் குளித்து, சாப்பிட்டு, பெட்டி கட்டி, மாடியில் சும்மா நின்றுகொண்டிருந்தோம். அங்கிருந்து துறைமுகம் தெரியும். அந்தக் கப்பல் வந்தது, கதவைச் சாய்த்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டது, போனது.

"கப்பல் டாட்டா," என்றாள் தாமிரா. இவர் காபியைக் குடித்தார்.

ஒன்பதுக்குத் துறைமுகத்தில் நிற்கிறோம். கடல் முழுக்க நுரை. சேலையைப் பிழிந்து உதறுகிற மாதிரி ஒரு சத்தம், காற்றா தண்ணீரா தெரியவில்லை. சீருடைக்காரர் ஒருவர் வந்து கண்ணாடிச் சன்னலில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். காற்று ஒன்பதாம் எண், கிட்டத்தட்டப் புயல். எந்தப் பயணிக் கப்பலும் கிளம்பக் கூடாது. எப்போது வரைக்கும் என்று கேட்டால், டிக்கெட் கொடுக்கும் பெண் தோளைக் குலுக்கினாள். "அவ்ரியோ."

கடைசியாகப் போனது ஏழு முப்பத்தைந்து.

தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு வயதான ஜெர்மன் ஜோடி சீட்டை எடுத்து விளையாட ஆரம்பித்துவிட்டது. காற்றில் சீட்டு பறக்காமல் இருக்க மேலே கல். இப்படி இருக்க எனக்கு ஏன் வரவில்லை? இந்தத் தீவிலிருந்து ஒரு சின்ன விமானமும் உண்டாம். சனிக்கிழமை வரை இடமில்லை.

"சரி, அடுத்து என்ன பண்ணலாம்னு பாப்போம்," என்றார் இவர். அந்த நிதானம்தான் எனக்கு ஆகாது.

"நான் மாத்துறேன்னு சொன்னா நீங்க ஏன் விட்டீங்க?"

"இருக்கட்டும்னு சொன்னனல்லோ."

"சொல்றதுன்னா அழுத்திச் சொல்லணும். முணுமுணுத்துட்டு சொன்னேன் சொன்னேன்னா?"

சீட்டு ஆடிய கிழவி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். தமிழ் புரிந்திருக்காது. புரிந்துமிருக்கலாம்.

சாயங்காலம் இசக்கி குரல் செய்தி அனுப்பினான். "எக்கா, நாங்க வந்து கரையில கெட்டியாச்சு. எங்க கப்பலுக்கு இந்தக் காத்தெல்லாம் தும்மல் மாரி. ஒங்க தீவுக் கப்பலு ஏன் இப்படிப் பயந்து சாவுது? நாளைக்கு வந்துருவீயள்லா? புதுச் சட்ட எடுத்து வச்சிருக்கேன்."

வந்துவிடுவேன் என்று பதில் போட்டேன். என்ன தைரியத்தில் போட்டேன் என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 27, செவ்வாய். நாக்சோஸ்

ஏழு மணி: தடை. பத்து மணி: தடை. இரண்டு மணி: தடை.

பதினொன்றுக்கு ஒரு படம் வந்தது. பச்சைச் சிலுவை விளக்கு போட்ட மருந்துக்கடை, வாசலில் இசக்கி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இளைத்திருக்கிறான். கீழே எழுதியிருந்தான்: 'மாமன் வந்தாச்சு. காதத்தான் காணும்.'

சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். வெந்நீர் இன்னும் வரவில்லை.

நாளைக்கு அவனுக்கு வேலை நாள். கப்பல் கிளம்புகிற அன்று எஞ்சின் அறையை விட்டு நகர முடியாது. மேலதிகாரியைக் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கப் பார்க்கிறேன் என்கிறான். அதுவும் நாங்கள் போய்ச் சேர்ந்தால்.

மத்தியானம் தாமிரா தூங்கினாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காய என்ன இருக்கிறது, மாட்டினால் பறக்கிறது. அப்போது அம்மா. கை ஈரமாக இருந்ததால் போனை ஒலிபெருக்கியில் போட்டுத் தொலைத்தேன்.

"நேத்துக் கப்பலு நேரத்த மாத்துனியாட்டி?"

"ம்."

"நல்ல காரியம் பண்ணுன. அந்த நேரத்துல பிள்ளையத் தூக்கிட்டுத் தண்ணில போவாண்டாம்."

இவர் என் பின்னால்தான் நின்றிருந்தார், கையில் துணி கிளிப்போடு. திரும்பாமலே போனை வைத்தேன்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

உறையிலிருந்து அட்டவணையை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். பென்சிலில் பொடி எழுத்து. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே சூரிய உதயம், அஸ்தமனம், எட்டாக வகுத்த கணக்கு. திங்கள்கிழமைக்கு எதிரே: 8.22 – 10.00.

"இங்க விடியறதே ஆறே முக்காலுக்கு. பகலும் நீளம். ஊர்ல ஆறுக்கு விடிஞ்சு ஆறுக்கு இருட்டறதா வச்சுத்தான் அந்த ஏழரை ஒம்பது. இங்கத்த கணக்குக்கு எட்டு இருவதுக்கு மேலதான் ஆரம்பிக்குது. அதனாலதான் ஏழு முப்பத்தஞ்சு போட்டேன்."

எம்மெஸ்ஸி பிசிக்ஸ். ஒன்பதரை. நட்டநடு ராகுகாலத்தில் கொண்டுபோய் டிக்கெட்டைச் சொருகியிருக்கிறேன்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கத்தினேன். தாமிரா உள்ளே புரண்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு அதே கோபத்தில் கத்தினேன்.

"நீதான் அதெல்லாம் பாக்கறதில்லைன்னு சொல்லுவியே. பாக்காதவங்ககிட்டப் போயி இத எப்படிப் பேசறது?"

"பாக்குறேன்னு யார் சொன்னா?"

"ரெண்டு வருசமா திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு முன்னால நீ புள்ளையோட வாசப்படி தாண்டுனதில்ல. டாக்டர் எட்டு மணிக்கு நேரம் குடுத்தா நாந்தான மாத்தறேன்." கிளிப்பை என் கையில் வைத்தார். "உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுவேன்னு விட்டுட்டேன்."

அவரிடம் சொல்ல எனக்குத் தோணவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு திங்கள்கிழமை. ஊரில் எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். ம்யூனிக்கில் இன்னும் விடியவில்லை, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு நான் விழித்திருந்தேன், அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னாலிருந்து, "ஒம்பது ஆவட்டும், பொறவு போங்க," என்றாள். அப்பா ஸ்கூட்டர் சாவியைக் கிலுக்கிக்கொண்டே, "கேட்டியா ஒங்கம்மா சொல்லுதத?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "நீங்க போங்கப்பா, அவ கெடக்கா."

எட்டு பத்துக்கு உப்பு லாரி.

நான் சொன்னது அம்மாவுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்காது என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.


ஆகஸ்ட் 28, புதன். பிரேயஸ்

காலை ஆறுக்கு ஸ்தமாத்தியா கதவைத் தட்டினார். "கப்பல்! இன்று! அவ்ரியோ இல்லை!" தலைகூட வாரவில்லை. தாமிராவை இரவு உடையோடே தூக்கினேன். செருப்பில்லாத காலுக்கு இவருடைய சாக்ஸ்.

இரண்டு நாள் தேங்கிய கூட்டம் மொத்தமும் ஒரே கப்பலில். உட்கார இடமில்லை, மாடிப்படிக்குக் கீழே தரையில் இருந்தோம். பன்னிரண்டுக்குப் பிரேயஸ் போக வேண்டியது நடுவில் இன்னொரு தீவில் நின்றது. யாரோ ஒரு வண்டி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியவில்லையாம். ஒரு மணி நேரம். அந்த வண்டிக்காரனை எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளிலும் வைதேன்.

ஒன்று ஐந்துக்குக் கதவு சாய்ந்தது. லாரிகளுக்கு நடுவில், நிற்கக் கூடாத இடத்தில், கப்பல் வேலைக்குப் போடுகிற நீல உடுப்போடு இசக்கி நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை நேற்றோடு போயிற்று. நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"எக்கா, ரெண்டு மணிக்கு நான் டாக்சில இருக்கணும். அழுவதுன்னா நடந்துகிட்டே அழு."

"யாருல அழுதா?" என்றேன் அழுதுகொண்டே.

"அத்தான், பெட்டியத் தாங்க. இதான் எங்க மருமவளா? ஏ ராசாத்தி, மாமாட்ட வாரியா?"

தாமிரா அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "அவ்ரியோ."

"என்ன சொல்லுதா?"

"நாளைக்கு வாங்கறா மாப்ள," என்றார் இவர்.

"சரியாப் போச்சு. அப்படியே எங்கப்பா மொறைக்க மாரில்லா மொறைக்கா."

ஓடினோம். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் இரண்டு தீவுகளுக்குப் பிறகு இங்கே வந்து கழன்றது. இவர் வண்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தார். மருந்துக்கடையை இரண்டு மணிக்கு மூடுவார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார். நேற்றும் வந்தவன் என்று இசக்கியை அடையாளம் தெரிந்து மறுபடி ஏற்றினார். எங்கள் தங்கக் கம்மலைப் பார்த்துத் தலையாட்டினார். அவருடைய காதுகுத்துத் துப்பாக்கியில் அவருடைய தோடுதான் போகுமாம். ஆறு வாரம் கழித்துத் தங்கத்தை மாட்டிக்கொள்ளலாம்.

இசக்கி நாற்காலியில் உட்கார்ந்தான். தாமிராவை அவன் மடியில் வைத்தேன். அந்த அம்மாள் காதில் பேனாவால் புள்ளி வைத்தார்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது.

அட்டவணையின் பின்பக்கம் எனக்கு மனப்பாடம். புதன் 1.18 – 2.56. இவரைப் பார்த்தேன். இவர் தன் கைக்கடிகாரத்தின் மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, இருமல் மருந்து அலமாரியை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, குத்தவா வேண்டாமா? எனக்கு நேரமாவுது."

அந்த அம்மாளும் என்னைத்தான் பார்த்தார். என் கை கைப்பையின் பிடியை நெரித்துக்கொண்டிருந்தது.

"குத்தச் சொல்லு," என்றேன்.

ஒரு சொடுக்கு. தாமிராவின் அலறல் துறைமுகம் வரை கேட்டிருக்கும். நான் கையை நீட்டினேன். அவள் என்னிடம் வரவில்லை. அந்த கிரீஸ் வாடை அடிக்கிற நெஞ்சில் முகத்தைப் புதைத்து இரண்டு கையாலும் உடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இசக்கி அசையாமல் இருந்தான். பிடித்திருக்கிறானா அணைத்திருக்கிறானா தெரியவில்லை.

துப்பாக்கி அடுத்த காதுப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தாள். "அவ்ரியோ! அவ்ரியோ!"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இப்படிக் கேட்கிற பிள்ளைக்கு என்னால் குத்த முடியாது என்றார். மணி ஒன்று ஐம்பத்தைந்து.

டாக்சி நிறுத்தத்துக்கு இரண்டு தெரு. அந்த இரண்டு தெருவில் சொன்னேன். வேறு எப்போது சொல்வது?

"லேய், அன்னைக்கு அம்மா தடுத்தா. நான்தான் அப்பாவப் போவச் சொன்னேன்."

தாமிரா அவன் தோளில் விசும்பிக்கொண்டே வந்தாள்.

"அதுக்கு மொத நாளு அப்பா ரெண்டு மட்டம் போன் போட்டாரு. கப்பல்ல நெட் இருந்துச்சு. டூட்டி கூட இல்லக்கா. படம் பாத்துட்டு இருந்தேன். நாளைக்குப் பேசலாம்னு விட்டுட்டேன்."

"அதுக்காகத்தானால ஊருக்கு வராம..."

"டாக்சி வந்துட்டு." பிள்ளையை இவர் கையில் கொடுத்தான். பிறகு என் முன்னால் உள்ளங்கையை நீட்டினான். "அந்தக் கம்மல்ல ஒண்ணத் தா."

"எதுக்கு?"

"தாயேன். மறு காத ஊர்ல வச்சிக் குத்துவோம். டிசம்பர்ல இறங்குதேன்."

"கோர்ஸ்?"

"கெடக்குது கோர்ஸ்."

மார்புப் பையில் போட்டு, பட்டனை மாட்டி, மேலே ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டான். நான் கைப்பையைத் தொட்டுப் பார்ப்பதைப் போலவே.


ஆகஸ்ட் 29, வியாழன். ஏதென்ஸ் விமான நிலையம்

விமானம் தாமதம். இதில் எழுத என்ன இருக்கிறது?

அம்மா வீடியோவில் வந்தாள். தாமிராவைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினேன்.

"ஏ அழகி! எத்தன மணிக்குட்டி குத்துனீய?"

"ஒண்ணு நாப்பது."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "புதன் பன்னெண்டுல இருந்து ஒன்றர. அப்பம் ராகுகாலம் கழிஞ்சுதான் குத்திருக்கு. நல்ல நேரந்தான்."

இவர் மூன்று சக்கர வண்டியை மடக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

"எங்க, அந்தக் காதக் காட்டு."

"அது டிசம்பர்லம்மா," என்றேன். "ஒம் மவன் வந்து காட்டுவான்."